வெள்ள நிவாரணம்: ஒரு தொகுப்பு வீட்டுக்காரியின் விமர்சனம்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். 2023 வெள்ளத்துக்கு அப்புறம் ரேஷன் கடையில் கையில் கொடுத்த 6000 ரூபாய்க்கு ஐந்துக்கு ஐந்து. வீட்டுச் சேதத்துக்கு என்று இருக்கிற உதவித்தொகைக்கு, எங்களை மாதிரி அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில் குடியிருப்பவர்களைப் பொறுத்தவரை, ஐந்துக்கு ஒன்று. அதே அரசாங்கம்தான், அதே வெள்ளம்தான், அதே தெருதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் எழுதுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் நம்ம பக்கத்து ஆட்கள் படித்துவிட்டால் நல்லது, ஏனென்றால் நிவாரணம் வாங்குவதற்கான வேலையில் பாதி மழைக்கு முன்னாலேயே செய்ய வேண்டியது.

வெளியூர்க்காரர்களுக்குச் சுருக்கமாக: 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. அன்றைக்கும் மறுநாளும் தென்மாவட்டங்களில் பெய்த மழை எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலையிலும் கீழேயும் ஒரே நேரத்தில் பெய்ததால் அணையில் திறந்த தண்ணீரும், ஓடைகளில் வந்த தண்ணீரும், குளம் உடைந்த தண்ணீரும் எல்லாமாகச் சேர்ந்து தாமிரபரணியில் இறங்கியது. நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகம் எல்லாம் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதை எல்லா டிவியிலும் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரைக் காலனிகள் அந்த அளவுக்கு டிவியில் வரவில்லை.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். ஆற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில், வயலை ஒட்டி இருக்கிற பள்ளத்தில்தான் காலனி. தொண்ணூறுகளில் இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே மட்டப்பா, அதாவது தட்டையான கான்கிரீட் தளம். தாத்தா பெயரில் வந்தது. ஓலைக் குடிசையில் இருந்தவருக்கு அரசாங்கம் மட்டப்பா வீடு கொடுத்ததை அவர் சாகும்வரை பெருமையாகச் சொல்வார், அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் வீடு கட்டி முப்பது வருஷம் ஆகப் போகிறது. தளத்தில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது, கம்பி துருப்பிடித்து உப்பி இன்னும் காரையைத் தள்ளுகிறது. வெள்ளத்துக்கு முன்னாலேயே இந்தக் கதைதான். வெள்ளம் வந்து சுவரை நெஞ்சளவுக்கு ஊற வைத்துவிட்டுப் போன பிறகு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்மா பீடி சுற்றுகிறவள். இலையும் தூளும் கடையில் இருந்து கொடுத்து அனுப்புவது, நம்ம சொத்து கிடையாது. நனைந்து போனால் அந்தக் கணக்கை யார் தலையில் எழுதுவது என்பதுதான் தண்ணீர் வடிந்ததும் எங்கள் தெருப் பெண்களுக்கு வந்த முதல் கவலை. வீட்டைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். தட்டைக் கவிழ்த்தால் தூள் சேறு மாதிரி வழிந்தது. அரிசி டிரம்மைத் திறந்தால் புளித்த வாடை. ஆதார், ரேஷன் கார்டு, பீடிக் கார்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் பரணில் வைத்திருந்ததால் தப்பியது. தெருவில் எத்தனையோ வீட்டில் அதுவும் போய்விட்டது.

சரி, 6000 ரூபாய்க்கு வருகிறேன். டிசம்பர் 21 அன்றைக்கு முதலமைச்சர் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு அறிவித்தார். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6000, மற்ற வட்டங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கும் 1000. அறிவிப்பு வந்தால் வரட்டும், கையில் வருவதற்குப் பங்குனி ஆகிவிடும் என்றுதான் தெருவில் பேச்சு. ஆனால் புத்தாண்டை ஒட்டியே டோக்கன் வந்துவிட்டது. எந்தத் தேதி, எந்த நேரம் வர வேண்டும் என்று டோக்கனிலேயே எழுதியிருந்ததால் பெரிய தள்ளுமுள்ளு இல்லை. அம்மா கார்டைக் கொடுத்தாள், ஐந்நூறு ரூபாய்த் தாளாகப் பன்னிரண்டு எண்ணிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவ்வளவுதான் வேலை.

ஏன் முழு மார்க் என்றால், எங்களிடம் யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. மனு எழுதச் சொல்லவில்லை, போட்டோ கேட்கவில்லை, வாரிசுச் சான்றிதழ் கேட்கவில்லை, உன் வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று கேட்கவில்லை. இந்த வட்டத்தில் வெள்ளம் வந்தது, உன் கார்டு இந்தக் கடையில் இருக்கிறது, அது போதும். துணி, பாய், சட்டி பானை எல்லாம் ஆற்றோடு போன ஒரு குடும்பத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியது இதுதான். பணத்தை வங்கியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு பாஸ்புக் தண்ணீரில் போயாச்சு, செல்போன் போயாச்சு, கணக்கில் பழைய கடன் நிற்கிறவர்களுக்கு வந்த பணத்தை வங்கி பிடித்துக்கொள்ளுமோ என்று பயம். கையில் ரொக்கமாகக் கொடுத்தது சரியான முடிவு என்று நான் எங்கேயும் சொல்வேன். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு அடுப்பு, பாய் தலையணை, தம்பிக்குப் பள்ளிக்கூடச் சட்டை, அம்மாவுக்குப் புதுத் தட்டு, மிச்சம் மளிகை அண்ணாச்சி கடையில் பாக்கி அடைத்தது. ஒரு ரூபாய் கூட வீண் போகவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே கார்டில் இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகள் எங்கள் காலனியில் நிறைய. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, அதே ஒரு அறை வீட்டில் துணியைக் கட்டி மறைத்து இரண்டு அடுப்பு எரியும், கார்டு மட்டும் அம்மா பெயரில் ஒன்று. அவர்களுக்கு 6000தான், பன்னிரண்டாயிரம் கிடையாது. அப்புறம் எங்கள் சித்தி மகள் டவுன் பக்கம் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறாள், கார்டு இன்னும் மாமியார் ஊரான சங்கரன்கோவிலில். அது தென்காசி மாவட்டம். வீட்டில் தண்ணீர் புகுந்தது நெல்லையில், பணம் வந்தது சங்கரன்கோவில் கணக்கில் ஆயிரம். அந்தக் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்பட்டவர் ஒருத்தர், குடியிருப்பவர் ஒருத்தர் என்பது ஊரறிந்த விஷயம், ஆனால் கார்டைப் பார்த்துக் கொடுக்கிற எந்த உதவியும் அவர்களைக் கண்டுபிடிக்காது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகும் நான் மார்க்கைக் குறைக்க மாட்டேன். இத்தனை லட்சம் குடும்பத்துக்கு இத்தனை சீக்கிரம் வேறு எப்படிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி வீட்டுக் கதை. இதில்தான் எனக்குக் கோபம்.

வீட்டுச் சேதத்துக்கு விதிப்படி என்ன உண்டு என்பது பலருக்குத் தெரியாது, அதனால் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது, நூறு ரூபாயில் எழுபத்தைந்து மத்திய அரசு, இருபத்தைந்து மாநில அரசு போடுவது. அதற்கு மத்திய அரசு 2022-ல் திருத்திப் போட்ட விலைப்பட்டியல் உண்டு. சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. மட்டப்பா மாதிரியான உறுதியான வீட்டில் குறைந்தது பதினைந்து சதவீதம் சேதம் என்றால் 6,500. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுசாக இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீருக்குள் நின்றாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. இந்த வெள்ளத்துக்கு மாநில அரசு தன் பங்குக்குக் குடிசைக்கு 10,000 என்று உயர்த்தியது, இடிந்த வீட்டைப் புதிதாகக் கட்ட 4 லட்சம் வரைக்கும், பழுது பார்க்க 2 லட்சம் வரைக்கும் என்றும் அறிவித்தது. பேப்பரில் படிக்கும்போது நல்லாத்தான் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். குடிசை இல்லை, அதனால் 10,000 கிடையாது. இடியவில்லை, அதனால் கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் அறிவித்த பெரிய தொகை கிடையாது. தண்ணீர் இரண்டு நாள் முழுசாக நிற்கவில்லை, வந்த வேகத்தில் சேற்றைப் போட்டுவிட்டு வடிந்துவிட்டது, அதனால் பாத்திரக் காசும் கிடையாது. மிஞ்சுவது அந்த 6,500. அதற்குப் பதினைந்து சதவீதம் சேதம் என்று யாராவது எழுதித் தர வேண்டும். பார்க்க வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார், "சுவரு விழுந்திருக்கா? இல்லல்லா. மட்டப்பா நிக்குதுல்லா. அப்புறம் என்னம்மா?" அம்மா உள்ளே வந்து பார்க்கச் சொன்னாள், "ஐயா, மேல கம்பியப் பாருங்க, பிள்ளைய அதுக்குக் கீழ படுக்க வைக்கவே பயமாயிருக்கு." அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு, அது பழைய சேதம், வெள்ளத்தில் வந்தது இல்லை என்றார்.

பழைய சேதம் என்பது உண்மைதான். ஆனால் முப்பது வருஷத் தளம், ஊறிப் போன சுவர் மேல் நிற்கிறது. வெள்ளத்துக்கு முன்னால் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்த கம்பி, வெள்ளத்துக்கு அப்புறம் சுவர் ஓரத்தில் இருந்து விளக்குக் கொக்கி வரைக்கும் தெரிகிறது. அடுப்படிப் பக்கம் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இதில் எது மார்கழிக்கு முந்தியது, எது பிந்தியது என்று யார் கோடு போட்டுக் காட்டுவது? தெருவில் எல்லா வீட்டிலும் இதே வாக்குவாதம். பக்கத்துத் தெருவில் ஓலைக் குடிசை வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது, வந்ததில் எங்களுக்கு மனசார சந்தோஷம், அவர்களுக்கு எல்லாமே போய்விட்டது. ஆனால் "நீங்க மட்டப்பா வீட்டுக்காரங்கல்லா, உங்களுக்கு என்ன?" என்று அதிகாரி முதல் அசலூர்க்காரர் வரைக்கும் கேட்கும்போது நெஞ்சு கொதிக்கத்தான் செய்கிறது. கான்கிரீட் என்று பெயர் வந்துவிட்டால் வீட்டுக்கு வயசே ஆகாது என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது யார் வீடு என்ற கேள்வி. மனு கொடுக்கப் போனால் பட்டா யார் பெயரில் என்றார்கள். தாத்தா பெயரில். தாத்தா இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழ் எங்கே என்றார்கள். அப்பாவும் அத்தைமாரும் சேர்ந்து அதை வாங்கியதே கிடையாது, எதற்கும் தேவைப்படவில்லை. ஒரு அலுவலகத்தில் இது தொகுப்பு வீடு, கட்டிக் கொடுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றார்கள். கட்டிக் கொடுத்த பக்கம் போனால், வீட்டை அப்போதே ஒப்படைத்தாச்சு, இனி அது உங்கள் சொந்த வீடு, நிவாரணம் எல்லாம் வருவாய்த் துறை விஷயம் என்றார்கள். இரண்டு மேஜையிலும் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், ஒரு அக்கா தண்ணீர் கூடக் கொடுத்தாள். ஆனால் இரண்டு பேருமே அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. எங்கள் காலனியில் இதற்காக அலைந்து பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். ஒரு நாள் பீடி சுற்றாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. 6,500 வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்கு எத்தனை நாள் கூலியை விடுவது?

என் கேள்வி இதுதான். தொகுப்பு வீடு யாருக்குக் கொடுத்தோம், எந்த வருஷம், எந்தத் திட்டத்தில், எந்தத் தெருவில் என்ற பயனாளிகள் பட்டியல் அரசாங்கத்திடம்தான் இருக்கிறது. கட்டியது அரசாங்கத்துப் பணம், எத்தனை கம்பி போட்டார்கள், எத்தனை மூட்டை சிமெண்ட் என்பது வரைக்கும் அளவுப் புத்தகத்தில் எழுதித்தான் பில் போட்டிருப்பார்கள். அப்படி இருக்கும்போது வெள்ளம் வந்தால் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஓவர்சியர் வீடு வீடாக வந்து பார்ப்பதுதானே முறை? வீடு இருக்கிறது என்று நாங்கள் ஏன் நிரூபிக்க வேண்டும்? ரேஷன் கார்டு விஷயத்தில் அரசாங்கம் தன்னிடம் இருந்த பட்டியலை நம்பியது, அதனால் பணம் பத்து நாளில் வீடு வந்து சேர்ந்தது. வீட்டு விஷயத்திலும் பட்டியல் இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த நாலு மார்க் குறைந்தது இதனால்தான்.

ஒரு மார்க் எதற்கு என்று கேட்பீர்கள். தெருக் கடைசியில் ஒரு வீட்டில் அடுப்படிச் சுவர் முழுசாகச் சரிந்துவிட்டது. அந்தப் பெரியம்மா தனியாள். அவளுக்கு யாரும் அலையாமலே கணக்கெடுக்க வந்தார்கள், தலையாரி கூடவே நின்று போட்டோ எடுத்தார், உதவியும் வந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விழுந்தால் வேலை நடக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை, அதற்கு அந்த ஒரு மார்க்.

2024-ல் அரசு இன்னொன்றும் அறிவித்தது, 2000-01க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைக்க ஒரு தனித் திட்டம், 2.5 லட்சம் வீடுகளுக்கு 2,000 கோடி ரூபாய். அதே வருஷம்தான் குடிசைகளுக்குப் பதிலாக 3.5 லட்சம் ரூபாயில் வீடு கட்டும் கலைஞர் கனவு இல்லம் திட்டமும். பழைய தொகுப்பு வீடுகள் ஒழுகுகின்றன என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அந்தச் சீரமைப்புத் திட்டம், அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அது வரிசைப்படி வரும் வேலை. அவசரத்துக்குக் கையில் வர வேண்டிய நிவாரணத்தின் இடத்தை அது நிரப்பாது. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், கிராம சபை நடக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை. அலைந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் இன்றைக்கே வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள், வெள்ளம் வந்த பிறகு அதற்குப் போனால் தாலுகாவே அங்கேதான் நிற்கும். தொகுப்பு வீடு ஒதுக்கிய உத்தரவுத் தாள் பெட்டியடியில் கிடந்தால் தேடி எடுத்து நாலு நகல் போடுங்கள், அது இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். ஒரே கார்டில் இரண்டு குடும்பம் இருந்தால் அடுப்பு தனி என்று காட்டிக் கார்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் கார்டில் முகவரி மாற்றுங்கள், வீட்டுக்காரர் மறுத்தாலும் சமையல் கேஸ் புத்தகம் மாதிரி ஏதாவது ஒன்றில் இந்த முகவரி வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, இப்போதே வீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். தளம், மூலை, கம்பி தெரிகிற இடம், சுவரில் இருக்கிற வெடிப்பு, எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி எடுத்து மதுரையிலோ திருப்பூரிலோ இருக்கிற சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், உங்கள் போன் தண்ணீரில் போனாலும் படம் அங்கே இருக்கும். பழைய சேதம் என்று சொல்பவரிடம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளுவதற்கு முன்னால் இன்னொரு முறை எடுங்கள். எல்லோரும் முதலில் வீட்டைக் கழுவிவிடுகிறார்கள், பார்க்க வருபவர் வரும்போது சுவரில் கோடு கூட இருக்காது. மனுவை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் தருவார்கள், 1100-க்குப் போன் பண்ணினாலும் எண் உண்டு. எண் இருக்கிற மனுவுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும், அது முடியாது என்ற பதிலாக இருந்தாலும் மேலே போவதற்கு ஒரு தாள் கையில் இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது, பட்டா மாற்றத்துக்கு மனு போட்டிருக்கிறோம். தெருவில் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து நானும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமோ, அம்பை, சேரன்மகாதேவி பக்கமோ தொகுப்பு வீட்டுக்கு அந்த 6,500-ஐ யாராவது வாங்கியிருந்தால், என்ன தாளைக் காட்டினீர்கள், சேதச் சதவீதத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்று கிடைத்தாலே எங்கள் காலனி முழுக்க உதவும்.